அழகுக் கோழிகளின் இனத்தையும் பாலையும் தோற்றத்தால் அறிதல்

நுவரெலியா, ஹற்றன் முதலிய மலைநாட்டுப் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில், லயன் வீடுகளை அடுத்த சிறு நிலத்தில் கோழி வளர்ப்போர் பலர். குடுமியும் கால் இறகும் உடைய அழகுக் கோழிகளைச் சிலர் ஊர்க்கோழிகளோடு சேர்த்து வளர்ப்பதுண்டு. இவற்றைச் சோடியாக வாங்குவதே வழக்கம். வாங்கிய குஞ்சுகள் இரண்டும் சேவல்களாயின் முட்டையும் இல்லை, குஞ்சும் இல்லை. கூட்டினுள் சண்டையே மிஞ்சும். கலப்புக் கோழியைத் தூய இனமென நம்பிக் கூலிப் பணத்தை இழப்போரும் உளர். ஆதலால், பணம் கொடுக்குமுன் பறவையைக் கையிலெடுத்து ஆராய்தல் வேண்டும்.

இனத்தை அறியும் முறை

சேவலுக்கும் பேட்டுக்கும் பொதுவான உறுப்புக்களைக் கொண்டே இனத்தை அறிதல் வேண்டும். கொண்டையின் வடிவம், தலைக் குடுமி, விரல்களின் எண்ணிக்கை, கால் தண்டின் இறகு, தோலின் நிறம் ஆகிய ஐந்தும் முக்கியமானவை. இறகின் நிறத்தை மட்டும் கொண்டு முடிவு செய்தல் கூடாது. ஓரினத்திலேயே பல நிறங்கள் உண்டு.

1. சில்க்கி: இறகு மயிர் போல் மென்மையானது. தோல் கருமையானது. மற்றைய கோழிகள் பலவற்றிற்குக் காலொன்றுக்கு 4 விரல்கள் இருக்க, இதற்கு 5 விரல்கள் உண்டு. வெள்ளை இறகும் குடுமியும் இருந்தும், தோல் வெளிறி 4 விரல்களே காணப்படின், அது கலப்புப் பறவையெனக் கொள்ளலாம்.

2. கொச்சின்: கால் தண்டும் விரல்களும் அடர்ந்த இறகால் மூடப்பட்டிருக்கும். கொண்டை நிமிர்ந்த தனிக் கொண்டை. பெயரைக் கண்டு இது கேரளத்துக் கொச்சியின் கோழியென எண்ணுதல் தவறு. 1840களில் சீனாவிலிருந்து பிரித்தானியாவுக்குச் சென்ற கோழியின் வழிவந்தது இது.

3. பிரமா: இதற்கும் கால் இறகு உண்டு. எனினும் கொண்டை தாழ்ந்து, மூன்று சிறு வரிசைகளாகப் பட்டாணி மணிகள் போல் அமைந்திருக்கும். கொச்சினிலிருந்து இதைப் பிரித்தறியக் கொண்டையே துணை.

4. போலிஷ்: தலையில் பெரிய இறகுக் குடுமியும், அதன் முன்னே இரு சிறு கொம்புகள் போன்ற கொண்டையும் காணப்படும்.

பாலை அறியும் முறை

கொண்டை பெரிதாயிருத்தல் மட்டும் சேவலுக்கு அடையாளமாகாது, குதிமுள்ளும் அவ்வாறே. வயது முதிர்ந்த பேட்டுக்கும் முள் வளர்தல் உண்டு. இறகின் வடிவமே நம்பத்தக்கது. வாலின் அடியை ஒட்டி முதுகின் பின்புறத்தில் உள்ள இறகுகளை விரலால் விரித்துப் பார்த்தல் வேண்டும். அவை ஒடுங்கிக் கூர்மையாய்ப் பளபளப்பாயிருப்பின் சேவல். அகன்று நுனி வட்டமாயிருப்பின் பேடு. இவ்வேறுபாடு ஏறக்குறைய 3 முதல் 4 மாத வயதில் தெளிவாகும். போலிஷ் இனத்தில் குடுமியும் இதையே காட்டும்: சேவலின் குடுமி இறகுகள் நீண்டு சரியும், பேட்டின் குடுமி பந்து போல் உருண்டிருக்கும்.

ஒரு நாட் குஞ்சின் பாலை வெளித்தோற்றத்தால் அறிதல் பெரும்பாலும் இயலாது. முட்டையின் வடிவத்தைக் கொண்டு சொல்லுதலும், குஞ்சைத் தலைகீழாகப் பிடித்துச் சொல்லுதலும் ஆதாரமற்றவை.

இரு விதிவிலக்குகள்

சில்க்கியின் மயிர் போன்ற இறகில் கூர்மையும் வட்டமும் புலப்படா. 5, 6 மாதம் வரை பொறுத்து, கூவுதலையும், குடுமியிலிருந்து பின்னோக்கி நீளும் இறகுகளையும் கண்டு சேவலென அறிதல் வேண்டும். சீப்ரைட் என்னும் சிறிய கோழியில் சேவலுக்கும் பேட்டின் இறகே வளரும். இச்சேவலின் தோல் ஆண் ஓமோனைப் பெண் ஓமோனாக மாற்றுவதே காரணம். இவ்வினத்தில் கொண்டையின் பருமனும் கூவுதலுமே அடையாளங்கள்.

கூவும் பேடு

முட்டையிட்டு வந்த பேடு சிலவேளை சேவல் இறகு பெற்றுக் கூவத் தொடங்கும். இதை அபசகுனமெனக் கொள்ளுதல் வீண் அச்சம். பேட்டுக்கு இடப்பக்கச் சூலகமே தொழிற்படும். நோயால் அது கெடின் பெண் ஓமோன் குறைந்து, சேவல் இறகு தோன்றும். அப்பறவை முட்டையிடாது என்பதே அறிய வேண்டிய உண்மை.

மலைநாட்டில் கவனிக்க வேண்டியவை

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. சில்க்கியின் இறகு மழை நீரைத் தடுக்காது. நனைந்தால் குளிரால் வாடும். கால் இறகுடைய இனங்களுக்குச் சேறு ஆகாது. கழுத்தில் இறகில்லாத கோழி, குளிரில் உடற்சூட்டை இழந்து மிகுந்த தீனி தின்னும். எனவே, இவற்றிற்கு ஒழுகாத கூரையும் உலர்ந்த தரையும் அமைத்தல் அவசியம். சில்க்கிப் பேடு நன்றாக அடைகாக்கும். ஊர்க்கோழி முட்டைகளையும் இதனிடம் வைத்துப் பொரிக்கச் செய்யலாம்.

காட்டை அடுத்த தோட்டங்களில் இலங்கைக் காட்டுக்கோழியும் மேயும். இதன் சேவலுடைய சிவந்த கொண்டையின் நடுவே மஞ்சள் நிறம் காணப்படும். இது நாட்டின் தேசியப் பறவை. இதைப் பிடித்து அழகுக் கோழியாக வளர்த்தல் ஆகாது.

சுருங்கக் கூறின், இனத்தை அறியக் கொண்டையையும் காலையும் நோக்குக. பாலை அறிய முதுகின் இறகை நோக்குக. 4 மாதம் நிரம்பாத குஞ்சுகளைச் சோடியென்று சொல்லி விற்பின், சோடிக்குரிய விலை கொடாதிருத்தல் நன்று. ஐயமிருப்பின் அருகிலுள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் பறவையைக் காட்டி ஆலோசனை பெறலாம்.