ஒரு லிட்டரில் எத்தனை கிலோமீட்டர்?

சிக்கனம் என்பது நம் பகுதியினருக்குப் புதிய பாடம் அன்று. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் தண்ணீர் ஓடும் நாட்கள் ஆண்டில் சிலவே. ஆகையால் நம் தாய்மார்கள் தண்ணீரைக் குடத்தால் எண்ணிச் செலவிடுவார்கள். சமையலுக்கு இத்தனை குடம், துவைப்பதற்கு இத்தனை குடம் என்று வேலையைப் பார்த்துத் தண்ணீரை ஒதுக்குவார்கள். இதே கணக்கை நாம் பெட்ரோலுக்கும் போட்டுப் பார்த்தால் என்ன? குறைந்த எண்ணெயில் நெடுந்தூரம் ஓடும் கார்களைப் பற்றி அறிந்துகொண்டு, அந்தக் கணக்கையும் இக்கட்டுரையில் போட்டுப் பார்ப்போம்.

ஏன் சிக்கனம் வேண்டும்?

நம் நாட்டுக்குத் தேவையான கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்தே வருகிறது. 1973ஆம் ஆண்டு அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் அனுப்புவதைக் குறைத்தபோது, சில மாதங்களுக்குள் அதன் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானது. உலகமே திகைத்தது. கார்கள் இவ்வளவு எண்ணெய் குடிக்கத்தான் வேண்டுமா என்று பல நாட்டு அரசுகள் கேட்கத் தொடங்கியது அப்போதுதான். அமெரிக்கா 1975இல் இதற்கெனச் சட்டமே இயற்றியது. நம் நாட்டில் 1978இல் பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிக் கழகம் தோன்றியது.

நம் ஊர்க் கணக்கிலும் பார்ப்போம். 2025இல் பெட்ரோல் லிட்டருக்கு நூறு ரூபாயை ஒட்டி விற்றது. 2025-26இல் ஊரக வேலை உறுதித் திட்டத்தில் தமிழகத்திற்கு நிர்ணயித்த நாட்கூலி 336 ரூபாய். அதாவது, மூன்றரை லிட்டர் பெட்ரோல் ஒருவரின் ஒரு நாள் உழைப்பை விழுங்கிவிடும். நள்ளிரவில் ஒரு நோயாளியை மதுரைக்கு அழைத்துச் செல்ல வாடகைக் கார் பிடிக்கும் குடும்பத்திற்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரியும்.

போர்க்காலக் கரிவாயு

எண்ணெய்ப் பஞ்சம் நம் பகுதி முன்பே கண்டதுதான். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் கிடைப்பது அரிதாயிற்று. அப்பொழுது மதுரையில் டி.வி.சுந்தரம் ஐயங்கார் நிறுவிய டி.வி.எஸ். நிறுவனத்தார், வண்டியைக் கரிவாயுவில் ஓட்டும் ‘காஸ் பிளான்ட்’ என்னும் கருவியைச் செய்து அளித்தார்கள். வண்டியோடு இணைந்த உருளையில் அடுப்புக்கரியைப் போதிய காற்று விடாமல் எரிப்பார்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவை வடிகட்டி எஞ்சினுக்குள் செலுத்துவார்கள். வேகம் குறைவு, புகையும் சாம்பலும் தொல்லை, வாயுவோ நச்சு. ஆயினும் பேருந்துகள் நிற்காமல் ஓடின. இன்று நம் ஊர்ப்புறங்களில் சீமைக்கருவேலை வெட்டி மூட்டம் போட்டு எடுக்கிறார்களே, அத்தகைய கரி ஒரு காலத்தில் பேருந்தையே இழுத்தது என்பது வியப்பல்லவா?

எண்ணெய் எங்கே போகிறது?

ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள ஆற்றல் முழுவதும் சக்கரத்தைச் சேர்வதில்லை. ஏறத்தாழ கால் பங்குதான் சேர்கிறது. மற்றதெல்லாம் ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெப்பமாக வெளியேறுகிறது. சேர்ந்த அந்தக் கால் பங்கும் மூன்று வேலைகளுக்குச் செலவாகிறது: வண்டியின் கனத்தைக் கிளப்புவது, டயரின் உராய்வை வெல்வது, எதிரே நிற்கும் காற்றைத் தள்ளுவது.

இவற்றுள் காற்றின் தடையை நாம் கவனிக்க வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். மணிக்கு 50 கிலோமீட்டரில் செல்லும் காரை 80க்கு முடுக்கினால், காற்றின் எதிர்ப்பு இரண்டரை மடங்காகிறது. அருப்புக்கோட்டையைத் தொட்டுச் செல்லும் மதுரை-தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் பறக்கும் கார்கள், தம் எண்ணெயில் பெரும்பங்கைக் காற்றுக்கே கொடுத்துவிட்டுப் போகின்றன.

ஆகவே எண்ணெய் குறைவாகச் செலவாக வேண்டுமானால் கார் இலேசாக இருக்க வேண்டும். காற்றைக் கிழிக்கும் வடிவம் வேண்டும். எஞ்சின் சிறிதாக இருக்க வேண்டும்.

சிறிய கார்களின் கதை

1958 முதல் 2014 வரை நம் நாட்டில் உருவான அம்பாசிடர் கார் உறுதியானது; ஆனால் கனமானது. லிட்டருக்குச் சுமார் 10 கிலோமீட்டர் ஓடும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. மூன்றே சிலிண்டர்கள், 796 சி.சி. எஞ்சின். நடுத்தரக் குடும்பங்கள் அதை விரும்பி வாங்கின. அதன் பின் வந்தவை மேலும் சிக்கனமானவை. 2021இல் வெளிவந்த செலரியோ காரின் ஒரு வகைக்கு ஆய்வுக்கூடச் சோதனையில் லிட்டருக்கு 26.68 கிலோமீட்டர் கிடைத்தது. 2022இல் வந்த கிராண்ட் விட்டாராவின் ஹைப்ரிட் வகைக்கு 27.97 கிலோமீட்டர். ஹைப்ரிட் என்பது பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் உடையது. பிரேக் போடும்போது வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதியை அது மின்சாரமாக்கிச் சேமித்துக்கொள்ளும். சாலையில் ஓட்டும்போது இந்த அளவுகள் குறையும் என்பதை நினைவில் கொள்வோம்.

ஜெர்மனியில் வோக்ஸ்வாகன் நிறுவனம் 2002இல் ஒரு மாதிரிக் காரைச் செய்தது. இருவர் ஒருவர் பின் ஒருவராக அமரலாம். எடை 290 கிலோ. அது 100 கிலோமீட்டருக்குச் செலவிட்டது 0.89 லிட்டர் டீசல். 2005இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் தொழில்நுட்பக் கல்லூரியினர் ஹைட்ரஜனில் ஓடும் ஒருவர் வண்டியைச் செய்தனர். பெட்ரோல் கணக்கில் மாற்றிப் பார்த்தால் அது லிட்டருக்கு 5,385 கிலோமீட்டர் ஓடியது! அது சந்தைக்குப் போகும் வண்டியன்று. ஆனாலும் அறிவு எவ்வளவு தூரம் செல்லும் என்பதைக் காட்டும் வண்டி.

கணக்கில் ஒரு நுட்பம்

அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை சென்று திரும்ப ஏறத்தாழ 100 கிலோமீட்டர். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் காருக்கு 10 லிட்டர் வேண்டும். 20 ஓடும் காருக்கு 5 லிட்டர் போதும். மிச்சம் 5 லிட்டர். 30 ஓடும் காரானால்? மூன்றேகால் லிட்டருக்குச் சற்றே கூடுதலாக வேண்டும். அதாவது 20இலிருந்து 30க்கு உயர்ந்தாலும் மிச்சம் ஒன்றே முக்கால் லிட்டருக்கும் குறைவுதான்.

இப்பொழுது லிட்டருக்கு 8 கிலோமீட்டர் ஓடும் பழைய வேன் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். அதே பயணத்திற்கு அது பன்னிரண்டரை லிட்டர் குடிக்கும். அதைப் பழுது பார்த்து, டயருக்குச் சரியாகக் காற்றடித்து, லிட்டருக்கு 10 ஓடும்படி செய்தால் மிச்சம் இரண்டரை லிட்டர்! புதிய சொகுசுக் காரில் 20ஐ 30 ஆக்குவதைவிட, பழைய வேனில் 8ஐப் 10 ஆக்குவதே பெரிய சேமிப்பு. 2008ஆம் ஆண்டு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்து லாரிக், சோல் என்னும் இரு பேராசிரியர்கள் இதையே எடுத்துக்காட்டினர். ‘ஒரு லிட்டரில் எவ்வளவு தூரம்’ என்று கேட்பதால் மக்கள் ஏமாறுகிறார்கள், ‘இத்தனை தூரத்திற்கு எவ்வளவு எண்ணெய்’ என்று கேட்பதே சரி என்பது அவர்கள் கருத்து. நம் தாய்மார்கள் தண்ணீருக்குக் கேட்கும் கேள்வியும் இதுவேயன்றோ?

நம் வட்டாரத்தில் பள்ளிப் பிள்ளைகளையும் மில் வேலைக்குச் செல்லும் பெண்களையும் ஏற்றிச் செல்பவை வேன்களே. புதிய கார் வாங்க முடியாதவரும் எண்ணெயை மிச்சப்படுத்த முடியும் என்பது இக்கணக்கு தரும் ஆறுதல்.

மற்றொரு கேள்வியும் உண்டு. எத்தனை பேர் போகிறோம்? லிட்டருக்கு 20 ஓடும் காரில் ஒருவர் மட்டும் மதுரை சென்று வந்தால் அவர் பங்கு 5 லிட்டர். நால்வர் சென்றால் தலைக்கு ஒன்றேகால் லிட்டர். லிட்டர் டீசலுக்குச் சுமார் 5 கிலோமீட்டர் ஓடும் பேருந்து அப்பயணத்திற்கு 20 லிட்டர் குடித்தாலும், 50 பேர் சென்றால் தலைக்கு 400 மில்லி லிட்டர்தான். மிகச் சிக்கனமான காரையும் நிறைந்த பேருந்து தோற்கடித்துவிடுகிறது!

நாம் செய்யக் கூடியவை

1. டயரில் காற்றின் அளவை, வண்டி ஓடுவதற்கு முன் காலையிலேயே பார்க்கச் சொல்லுவோம்.

2. ரயில்வே கேட்டில் காத்திருக்கும்போது எஞ்சினை நிறுத்தச் சொல்லுவோம்.

3. தேவையற்ற சுமையை வண்டியிலிருந்து இறக்கி வைப்போம்.

4. சீராக, மிதமான வேகத்தில் செல்லும்படி வேண்டுவோம். சிக்கனத்தோடு உயிருக்கும் அது பாதுகாப்பு.

5. ஒரே இடத்திற்குச் செல்லும் இரு குடும்பத்தார் ஒரே வண்டியில் செல்வோம். பேருந்து இருக்குமிடத்தில் பேருந்தில் செல்வோம். அருகில் உள்ள இடத்திற்கு நடப்போம்.

சேமிப்பது பணம் மட்டுமன்று. ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ எடைதான் இருக்கும். அது எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சுமார் 2.3 கிலோ கரியமில வாயுவாகிறது. அவ்வாயு பூமியின் வெப்பத்தைக் கூட்டுகிறது. மழையையே நம்பி வாழும் நம்மைப் போன்ற வறண்ட நாட்டாருக்கு அது சிறிய செய்தியன்று.

இனி வரும் காலத்தில் மின்சாரக் கார்கள் பெருகும். மின்மோட்டார் தான் பெறும் ஆற்றலில் பெரும்பகுதியைச் சக்கரத்திற்குக் கொடுத்துவிடும். நமக்கு அடுத்துள்ள கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016இல் நிறுவப்பட்டது. தண்ணீர் குறைந்த நம் பூமியில் வெயிலுக்குக் குறைவில்லை. இந்த வெயிலே நாளை நம் வண்டிகளையும் ஓட்டலாம். அதற்கான பொறிகளைச் செய்வோர் வரிசையில் நம் பள்ளி மாணவியரும் நிற்க வேண்டும். அதுவரை, தோழியரே, வண்டியில் ஏறும் முன் ‘இந்தப் பயணத்திற்கு எத்தனை லிட்டர், எத்தனை பேருக்கு?’ என்று கேட்கப் பழகுவோம். குடத்தை எண்ணத் தெரிந்த நமக்கு லிட்டரை எண்ணுவது கடினமன்று.