பால் களிமண்: கிடைக்கும் இடமும் மாற்றும் முறையும்

தலைப்பைக் கண்டு, பாலுக்கும் மண்ணுக்கும் என்ன உறவு என்று அன்பர்கள் திகைக்க வேண்டாம். பந்து என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்தான் இது. இங்கிலாந்தில் டெவன், டார்செட் பகுதிகளில் இம்மண்ணை ஈரத்தோடு சதுரக் கட்டிகளாக வெட்டி எடுத்தார்கள். பலர் கை மாறி, வண்டியில் உருண்டு போய்ச் சேர்வதற்குள் மூலைகள் மழுங்கிக் கட்டிகள் உருண்டையாகிவிடும். பெயர் அதனால் வந்தது என்பர்.

தில்லியில் நம் குடும்பத்துப் பெண்கள் சிலர் பீங்கான் வேலை கற்றுக்கொண்டு, வீட்டிலேயே சிறு மின்சூளை வைத்துக் கோப்பை, கிண்ணம் செய்து விற்கிறார்கள். அவர்கள் பார்க்கும் நூல்களோ பெரும்பாலும் அமெரிக்க நூல்கள். "கென்டக்கி ஓ.எம்.4 பால் களிமண் 20 பங்கு" என்று அதில் இருக்கும். (ஓ.எம். என்றால் 'பழைய சுரங்கம்', அவ்வளவுதான்.) இங்கிருந்து சுமார் 85 கி.மீ. தொலைவிலுள்ள குர்ஜாவுக்குப் போய்க் கேட்டால், பால் களிமண் என்று எழுதிய மூட்டை ஒன்றைக் கொடுப்பார்கள். அதையே 20 பங்கு போடலாமா? கூடாது. ஏன் என்பதுதான் இக்கட்டுரை.

சீனக் களிமண் பாறை மக்கிய இடத்திலேயே கிடப்பது. பால் களிமண்ணோ ஆற்று நீரால் அடித்து வரப்பட்டு, பழங்காலச் சதுப்புகளில் படிந்தது. வழியில் அரைபட்டு மிக நுண்ணிய துகளாகிவிட்டதால் பசைத்தன்மை அதிகம். காய்ந்தபின் உறுதியும் அதிகம். அதே பயணத்தில் மணலும் அப்பிரக இனங்களும் மக்கிய தாவரப் பொருளும் சேர்ந்துகொண்டன. எது எவ்வளவு சேர்ந்தது என்பது ஊருக்கு ஊர் வேறு. ஒரே குழியில்கூட அடுக்குக்கு அடுக்கு வேறு.

சதுப்பில் படிந்த மண் ஆதலால் பழுப்பு நிலக்கரிக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ராஜஸ்தானில் பிகானேர் மாவட்டத்தில் கோலாயத் பக்கம் பால் களிமண் கிடைக்கிறது. அதே மாவட்டத்தில் பர்சிங்சரில் பழுப்பு நிலக்கரி இருக்கிறது. அந்தச் சுரங்கத்தை நடத்துவது நம் நெய்வேலி நிறுவனம். நெய்வேலியிலும் நிலக்கரிக்கு மேலுள்ள படிவுகளில் இத்தகைய களிமண் உண்டு. குஜராத்திலும் ஆந்திரத்திலும்கூடக் கிடைக்கிறது. எங்கும் தாமே தோண்டி எடுத்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். 2015 முதல் இது சிறுகனிமப் பட்டியலில் இருக்கிறது. மாநில அரசின் அனுமதி வேண்டும்.

மூட்டையைப் பிரித்தவுடன் நிறத்தைப் பார்த்து முடிவு செய்பவர்கள் பலர். கறுத்த மண்ணை ஒதுக்கிவிடுவார்கள். அந்தக் கறுப்பு பெரும்பாலும் கரிப்பொருள். சூளையில் எரிந்து மண் வெளுத்துவிடும். பச்சையாக இருக்கும்போது வெளிர் மஞ்சளாகத் தெரிவதுதான் இரும்பு கலந்து, சுட்டபின் பழுப்பாகி ஏமாற்றும். ஆகவே ஒரு வில்லை செய்து சுட்டுப் பார்ப்பதே நம்பத்தக்க வழி. பிசைந்த மண்ணில் பட்டை ஒன்று செய்து, அதில் சரியாக 10 செ.மீ. நீளத்துக்குக் கோடு கிழியுங்கள். காய்ந்தபின் ஒரு முறை, சுட்டபின் ஒரு முறை அளந்தால் சுருக்கம் தெரிந்துவிடும். 100 கிராம் மண்ணை நீரில் கரைத்து 200 எண் சல்லடையில் கழுவி, மேலே தங்கும் மணலைக் காயவைத்து நிறுங்கள். நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டு நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று பொருள். பசைத்தன்மைக்கு, இருப்புப்பாதைக் கரை போடும்போது மண்ணைச் சோதிக்கும் முறையே போதும்: 3 மி.மீ. கனத்துக்குக் கயிறாக உருட்டிக்கொண்டே போனால் எந்த ஈரத்தில் உடைகிறது என்று பார்ப்பது.

இனி மாற்றுக் கணக்கு. நூலில் சொன்ன மண்ணில் சிலிக்கா 57 சதவீதம், அலுமினா 28 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 20 பங்கில் அலுமினா 5.6, சிலிக்கா 11.4. கையில் இருப்பது சீனக் களிமண். அதில் அலுமினா 38, சிலிக்கா 46 சதவீதம். 5.6 பங்கு அலுமினா பெற 14.7 பங்கு போட வேண்டும். அதில் வரும் சிலிக்கா ஏறக்குறைய 6.8. குறைகிற 4.6 பங்கை வெங்கச்சங்கல் பொடியாகச் சேர்க்க வேண்டும். இழந்த பசைக்கும் மிதப்புக்கும் மொத்தக் கலவையில் 1 முதல் 2 சதவீதம் பென்டோனைட். இது பார்மேரிலும் கட்ச்சிலும் கிடைப்பது. இரும்பு, பொட்டாஷ் போன்ற சில்லறைகளை இந்தக் கணக்கு விட்டுவிடுகிறது. வெள்ளை மெருகுக்குப் பாதகமில்லை. பல சமயம் நிறம் முன்னைவிடச் சுத்தமாகவே வரும். வேறு பால் களிமண்ணை மாற்றும்போதும் இதே கணக்குத்தான். வியாபாரியிடம் பகுப்பாய்வுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். கேட்பவருக்கு மட்டுமே கொடுப்பது கடைவீதி வழக்கம்.

ரசாயனம் சரியானால் மட்டும் போதாது. தெரிந்த பெண்மணி ஒருவர் விழா விற்பனைக்குச் செய்த கோப்பைகள் ஒரு சூளை முழுவதும் பாழாயின. மூட்டை மாறியிருந்தது. புதிய மண் முன்னதைவிட நுண்ணியது; காயும்போது கூடுதலாகச் சுருங்கியது. முதற் சூடு கண்ட கோப்பை சுருங்காது. மேலே பூசிய மெருகு மட்டும் சுருங்கினால் மயிரிழை வெடிப்புகள் விழும். சூளையில் அந்த வெடிப்புகளின் ஓரங்கள் சுருண்டு, மெருகு அங்கங்கே திரண்டு, நடுவில் மண் தெரியும். இரண்டு மாத உழைப்பும் முன்பணமும் போயின. இதற்கு மாற்று, மெருகிலுள்ள களிமண்ணில் ஒரு பாதியை முன்னதாகவே சுட்டுப் பொடித்துச் சேர்ப்பது. அப்போது எடையிலும் கவனம் வேண்டும்: சுடுகையில் 10 சதவீதம் இழக்கும் மண்ணானால், 10 பங்குக்குப் பதில் 9 பங்கு போட்டால் போதும்.

பச்சைப் பாண்டத்தின்மேல் பூசும் குழம்புக்கு நேர்மாறான கவலை. பாண்டமும் பூச்சும் சேர்ந்து சுருங்க வேண்டும். ஆகவே அங்கே சுடாத பால் களிமண்ணே நல்லது. பூச்சு உரிந்து வந்தால் சுருக்கப் பட்டைகள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், காரணம் தெரிந்துவிடும்.

முல்தானி மட்டி போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். முகத்துக்குப் பூசலாம். அது வேறு வகை மண். நீரை ஏராளமாகக் குடித்து அளவுக்கு மீறிச் சுருங்கும். ஜெய்ப்பூர் நீலப் பாண்டத்தில் போடுகிறார்களே என்றால், அந்தக் கலவையே வெங்கச்சங்கல்லும் கண்ணாடித் தூளும். அங்கே இது சிறிதளவு சேர்க்கப்படும் பிணைப்பு மட்டும்.

இந்தப் பொடிகளைக் கையாளும்போது மூக்கு வாயை மூடும் நல்ல முகக்கவசம் அவசியம். துணி முந்தானை போதாது. இதிலுள்ள சிலிக்காத் தூசி நுரையீரலில் தங்கினால் வெளியேறாது. சமையலறையில் கலக்காதீர்கள். சிந்தியதைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். புது மூட்டை வாங்கினால் பழையதில் ஒரு கிலோவையாவது தேதி எழுதி எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டையும் ஒரே சூளையில் வில்லை போட்டுப் பார்த்த பிறகே கோப்பைகளுக்குப் பூசுங்கள்.