காலமறிந்து உண்ணல்

தெருக்கூத்து விடியவிடிய நிகழ்வது. சற்றுப் பிந்திச் சென்றார்க்கும் இழப்புச் சிறிதே. 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையை நிறுவிய பம்மல் சம்பந்த முதலியார் போன்றோர் நாடகத்தைச் சில மணி நேரத்துள் அமைத்தனர். அதனால் காண்போர்க்குக் காலம் அருமையுடையதாயிற்று.

ஒருமுறை மயிலாப்பூரில் மாலை 7 மணிக்கு ஒரு நாடகம். என் பழைய மாணவன் ஒருவன் முதன்முதலாக மேடையேறும் நாள் அது. யான் சுவையாற் பெயர்பெற்ற உணவு விடுதியொன்றை நாடினேன். அங்கு இடம் கிடைக்கவே அரைமணி சென்றது. நெய்த் தோசை வர மேலும் கால்மணி ஆயிற்று. அரங்கினுள் நுழைந்தபோது முதற்காட்சி முடிந்திருந்தது. அவன் தோன்றியதோ அக்காட்சியில் மட்டுமே! இறுதியில் அவன் வணங்கி, "ஐயா, என் நடிப்பு எவ்வாறிருந்தது?" என வினவினான். யான் நாணித் தலைகுனிந்தேன்.

ஆதலின், நாடகத்திற்குமுன் உண்ண விடுதி தேடுவோர் மூன்றனை நோக்குக: அரங்கிற்கு அண்மை, விரைந்து பரிமாறும் இயல்பு, எளிதிற் செரிக்கும் உணவு. ஒருமணி முன்னரே உண்ண அமர்க. இரண்டு இட்டலி போதும். மிகுதியாக உண்டார் அரங்கின் இருளில் உறங்குவர். சுவையுணவு நாளையும் கிடைக்கும். தவறவிட்ட காட்சி மீளாது.