ஓய்விலும் ஓயாத சேமக்கலம்

நீலகிரியில் வண்டி வைத்திருப்போர் டிசம்பர், ஜனவரி மாதக் காலைகளில் அடிக்கடி சொல்லும் சொல் ஒன்று உண்டு: "பனியிலே பேட்டரி இறங்கிப் போச்சு." வண்டி இருபது நாள், முப்பது நாள் நின்றிருக்கும். யாரும் தொட்டிருக்க மாட்டார்கள், விளக்குகூட எரிந்திராது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஓர் ஓசை, அவ்வளவுதான். பழி பனியின்மேல் விழுகிறது. பனியின்மேல் அவ்வளவு பழி சுமத்துவது நியாயமா என்று பார்ப்போம். இது விளையாட்டான கேள்வி அன்று. நள்ளிரவில் தேயிலைத் தோட்டத்திலிருந்து நோயாளியை ஏற்றிக்கொண்டு ஊருக்குப் புறப்பட வேண்டிய ஜீப்பிலும் இதே சேமக்கலம்தான் இருக்கிறது.

காரீய அமிலச் சேமக்கலத்தை 1859ஆம் ஆண்டில் உருவாக்கியவர் பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளாண்டே. இரண்டு காரீயத் தகடுகளை ஒன்றையொன்று தொடாதபடி சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் வைத்தார். இன்றும் அடிப்படை மாறவில்லை. மின்னேற்றிய கலத்தில் நேர்த்தகட்டில் காரீய டை ஆக்சைடும் எதிர்த்தகட்டில் பஞ்சு போன்ற காரீயமும் இருக்கும். மின்சாரம் எடுக்க எடுக்க இரண்டும் காரீய சல்பேட்டாக மாறும்; அமிலம் செலவாகி நீர் பெருகும். ஆகவே அமிலத்தின் ஒப்படர்த்தியை அளந்தால் மீதி இருப்பு தெரிந்துவிடும். நிறைந்த கலத்தில் அது ஏறத்தாழ 1.265, தீர்ந்த கலத்தில் 1.12 அளவு. ஆறு கலங்கள் சேர்ந்த பேட்டரியில் மின்னழுத்தம் நிறைவில் 12.6 வோல்ட்டுக்குச் சற்று மேலும், தீர்ந்தபின் 12 வோல்ட்டுக்குச் சற்றுக் கீழுமாக இருக்கும்.

இனி, கம்பி எதையும் இணைக்காமல் அந்தக் கலத்தைத் தனியே வைத்துவிடுவோம். மாற்றம் நின்றுவிடுமா? நிற்காது. டப்பாவில் வைத்த கற்பூரம் யாரும் கொளுத்தாமலே கரைவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலவே இதுவும். எதிர்த்தகட்டின் காரீயம் அமிலத்தோடு தானாகவே மெல்ல வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளியிட்டு சல்பேட்டாகிறது. நேர்த்தகட்டின் டை ஆக்சைடும் தன்னைத் தாங்கி நிற்கும் காரீயச் சட்டத்தோடு வினைபுரிகிறது. இதற்குத் தன்மின்னிறக்கம் என்று பெயர்.

இதை விரைவுபடுத்துவது கலப்புப் பொருள். தூய காரீயம் மிக மென்மையானது என்பதால், சட்டம் உறுதியாக இருக்க ஆன்டிமனி சேர்ப்பது பழைய வழக்கம். அந்த ஆன்டிமனி காலப்போக்கில் நேர்த்தகட்டிலிருந்து கரைந்து எதிர்த்தகட்டில் படியும். படிந்த இடமெல்லாம் ஒரு குட்டி மின்கலம்! அதனால்தான் பழைய பேட்டரி புதியதைவிட வேகமாக இறங்குகிறது. ஆன்டிமனிக்குப் பதில் கால்சியம் சேர்த்த தகடுகளில் இந்த இழப்பு குறைவு.

இரும்பு இன்னும் பொல்லாதது. அது ஒரு தகட்டுக்கும் மறு தகட்டுக்கும் இடையே போய்வந்து இரண்டையும் தின்னும். நம் மலைச் சுனைநீர் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கிறதே, பேட்டரிக்கு ஊற்றினால் என்ன என்று கேட்பவர் உண்டு. செம்மண்ணில் ஊறி வரும் நீரில் இரும்பு கரைந்திருக்கலாம்; கண்ணுக்குத் தெரியாது. தகரக் கூரையில் வழிந்த மழைநீரையும் நம்புவதற்கில்லை. வாலை வடிநீர் ஒன்றே ஏற்றது.

இப்போது குளிருக்கு வருவோம். வேதிவினைகள் வெப்பத்தில் விரையும், குளிரில் தளரும். தன்மின்னிறக்கத்தைப் பொறுத்தவரை 10 பாகை செல்சியஸ் ஏறினால் இழப்பு ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. 60 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்று 27 பாகை வெப்பத்தில் மாதத்துக்கு 5 விழுக்காடு இழக்கிறது என்று கொள்வோம். கோயம்புத்தூர் வெப்பத்தில் அது 3 ஆம்பியர் மணி. உதகையின் 15 பாகைக் குளிரில் அதே பேட்டரி 1.3 ஆம்பியர் மணியே இழக்கும். சும்மா வைப்பதற்குச் சமவெளியைவிட மலையே நல்ல இடம்!

அப்படியானால் காலையில் வண்டி ஏன் கிளம்பவில்லை? குளிர் இருப்பைத் திருடுவதில்லை. எடுத்துக் கொடுக்கத் தயங்குகிறது. 0 பாகையில் பேட்டரியின் கிளப்பும் வலு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். இஞ்சின் எண்ணெயும் கெட்டியாகி, சுழற்றக் கூடுதல் வலு கேட்கும். முன்பே பாதி தீர்ந்த பேட்டரி அன்று அகப்பட்டுக்கொள்கிறது.

பாதியைத் தீர்த்தது யார்? இன்றைய வண்டிகளில் கடிகாரமும் திருட்டு மணியும் சாவியை எடுத்த பின்னும் சொட்டுச் சொட்டாக மின்சாரம் குடிக்கின்றன. 0.05 ஆம்பியர்தான் என்றாலும் நாளுக்கு 1.2, முப்பது நாளில் 36 ஆம்பியர் மணி. மேற்சொன்ன பேட்டரியில் பாதிக்கு மேல் போயிற்று! 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு வந்து, கோடை சீசனும் மலர்க் காட்சியும் இல்லாமல் சுற்றுலா வண்டிகள் மாதக்கணக்கில் நின்றபோது, இந்தக் கணக்குத் தெரியாதவர்களுக்கு அது வீண் செலவாயிற்று.

கோல்ப் மைதானங்களிலும் வண்டலூர் உயிரியல் பூங்காவிலும் ஓடும் பேட்டரி வண்டிகளின் நிலை இன்னும் கடினம். காரீயக் கலம் கொண்ட வண்டியில் 6 வோல்ட் அல்லது 8 வோல்ட் பேட்டரிகள் ஆறினைச் சங்கிலிபோல் தொடராக இணைத்திருப்பார்கள். ஒன்று அதிகமாக இறங்கினாலும் வண்டி முழுவதும் தளரும்.

இறங்கிய பேட்டரியை அப்படியே விடுவதுதான் பெருங்கேடு. புதிதாக உண்டான காரீய சல்பேட்டு மிக நுண்ணிய துகள். மின்னேற்றினால் எளிதில் மீளும். வாரக்கணக்கில் விட்டால் அது பெரிய, கடினமான படிகமாக வளர்ந்துவிடும். பிறகு எவ்வளவு மின்னேற்றினாலும் ஒரு பகுதி திரும்பாது. நீண்ட விடுமுறை கழித்து, காரீயக் கலம் வைத்த பழைய அவசர விளக்கு எரிய மறுப்பதற்கும் இதுவே காரணம். மின்வாரியத் துணை நிலையங்களில் இருக்கும் பெரிய சேமக்கலங்களை எப்போதும் சிறு மின்னோட்டத்தில் இணைத்தே வைத்திருப்பதும் இதனால்தான்.

சிமெண்டுத் தரையில் வைத்தால் மின்சாரம் மண்ணில் இறங்கிவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மரப்பெட்டியில் கலம் வந்த காலத்தில் அதில் ஓரளவு உண்மை இருந்தது. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்குப் பொருந்தாது. ஆனால் மேல்மூடியில் அமிலக் கசிவும் மூடுபனியின் ஈரமும் சேர்ந்த படலம் இரு முனைகளையும் இணைத்து மின்சாரத்தைக் கசியவிடும். அதைத் துடைத்து வைத்தாக வேண்டும்.

வண்டி ஒரு மாதத்துக்கு மேல் நிற்குமானால் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிடுவது நலம். மாதம் ஒருமுறை மின்னேற்றி கொண்டு நிரப்பலாம். தினம் ஐந்து நிமிடம் இஞ்சினை ஓடவிட்டு அணைப்பவர்கள், கிளப்பும்போது எடுத்ததையே சரிவரத் திருப்பிக் கொடுப்பதில்லை. மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வெளிவரும். ஆதலால் குளிருக்குப் பயந்து கார் கொட்டகையை முழுதும் அடைத்துவிடாமல், சன்னலைத் திறந்து வையுங்கள். தீக்குச்சியும் மெழுகுவர்த்தியும் அருகே வரக் கூடாது.