எந்த வண்டி வாங்கலாம்?

திருவனந்தபுரத்தில் வலியசாலை என்று ஓர் இடம் இருக்கிறது. காந்தளூர்ச்சாலை மகாதேவர் கோயில் அங்கேதான் உள்ளது. தமிழ்க் குடும்பங்கள் அங்கே பல தலைமுறையாக வாழ்கின்றன. தெருக்கள் குறுகல். வீடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி இருக்கும்.

அந்தத் தெரு ஒன்றில் ஓர் அம்மாவும் மகனும் இருக்கிறார்கள். அம்மா வீட்டில் தையல் தைக்கிறார். மாலையில் படிப்பு வகுப்புக்குப் போகிறார். மகன் சாலைக் கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடையில் வேலை செய்கிறான். மூன்று வருடம் சீட்டுக் கட்டிப் பணம் சேர்த்திருக்கிறான். மோட்டார் சைக்கிள் வாங்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை.

“கடைக்கு நடந்தே போய்விடலாமே. எதுக்குடா வண்டி?” என்று அம்மா கேட்டார்.

“கடைக்குப் போக இல்லை அம்மா. ஞாயிற்றுக்கிழமை கோவளம் போகலாம். பொன்முடி போகலாம். உன்னை நாகர்கோவிலுக்குச் சித்தி வீட்டுக்குக் கூட்டிப் போகலாம்.”

சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தான். பந்தய வண்டி போன்ற யமஹா ஆர்15. ஓட்டுகிறவர் குனிந்து படுத்தாற்போல் இருந்தார். அம்மா படத்தை உற்றுப் பார்த்தார்.

“இதில் நான் எங்கேடா உட்காருவது?”

மகனிடம் பதில் இல்லை.

மறுநாள் இருவரும் கரமனையில் ஒரு மெக்கானிக்கைப் பார்க்கப் போனார்கள். அவர் முப்பது வருடமாக வண்டி பழுது பார்ப்பவர். எல்லோரும் அவரைச் சேட்டன் என்றே கூப்பிடுவார்கள்.

“மோனே, படத்தைப் பார்த்து வண்டி வாங்காதே. உட்கார்ந்து பார்த்து வாங்கு” என்றார் சேட்டன்.

பழுதுக்கு வந்த இரண்டு வண்டிகள் அங்கே நின்றன. ஒன்று ஆர்15. மற்றது யமஹா எஃப்.இசட். இரண்டும் 2008-ம் ஆண்டு இந்தியாவில் விற்பனைக்கு வந்த வகைகள்.

மகன் முதலில் ஆர்15-ல் உட்கார்ந்தான். கைப்பிடி தாழ்ந்து இருந்தது. கால்மிதி பின்னால் தள்ளி இருந்தது. உடம்பு முன்னால் சாய்ந்தது. பாரம் மணிக்கட்டில் விழுந்தது.

“ஐந்து நிமிடம் அப்படியே இரு” என்றார் சேட்டன்.

மூன்றாவது நிமிடமே மகன் கையை உதறினான்.

பிறகு எஃப்.இசட்டில் உட்கார்ந்தான். கைப்பிடி உயரமாக, அகலமாக இருந்தது. முதுகு நிமிர்ந்து இருந்தது. பாரம் சீட்டில் இறங்கியது.

ஆர்15 மோசமான வண்டி என்று நினைக்க வேண்டாம். அது வேகமான வண்டி. வளைவுகளில் நன்றாகத் திரும்பும். தனியாக ஓட்டுகிறவர்களுக்கு, குனிந்து ஓட்டப் பிடித்தவர்களுக்கு அது சரி. அம்மாவைப் பின்னால் வைத்து நாகர்கோவில் போவது வேறு வேலை. நெய்யாற்றின்கரை, களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை என்று எத்தனை ஊர், எத்தனை நெரிசல்! போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகும்.

அம்மாவும் ஏறிப் பார்த்தார். ஆர்15-ல் பின் சீட்டு உயரம். சிறியது. பிடித்துக்கொள்ள வசதி இல்லை. எஃப்.இசட்டில் பின்னால் கம்பி இருந்தது. சேலை சக்கரத்தில் மாட்டாமல் தடுக்கும் கம்பியும் இருந்தது. சில பிள்ளைகள் அழகுக்காக இந்தக் கம்பிகளைக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். அது பெரிய தவறு. பின்னால் உட்காருகிறவரின் உயிர் அதில்தான் இருக்கிறது.

அம்மா பையிலிருந்து தையல் டேப்பை எடுத்தார். தரையிலிருந்து சீட்டு வரை அளந்தார். ஆர்15-ல் 32 அங்குலம். எஃப்.இசட்டில் 31 அங்குலம். மகனின் உள்கால் அளவு 30. பேன்ட் தைத்துக் கொடுப்பவர் ஆயிற்றே, அது அவருக்கு மனப்பாடம்.

“ஓர் அங்குலம் பெரிதா?” என்று மகன் கேட்டான்.

“சிக்னலில் நிற்கும்போது தெரியும்” என்றார் சேட்டன். “பின்னால் ஆள் இருக்கும். ரோடு ஒரு பக்கம் சரிந்திருக்கும். விரல் நுனி மட்டும் தரையில் பட்டால் வண்டி சாயும். முன்பாதம் இரண்டும் பட வேண்டும்.”

“மாமா வைத்திருந்த ஆர்.எக்ஸ்.100 கிடைத்தால்?” என்று மகன் கேட்டான்.

சேட்டன் சிரித்தார். இந்தக் கேள்வியை அவர் தினமும் கேட்கிறார். ஆர்.எக்ஸ்.100 இந்தியாவில் 1985 முதல் 1996 வரை தயாரான வண்டி. 98 சி.சி. இன்ஜின். எடை குறைவு. அம்பு போல் பாயும். அந்தக் காலத்து இளைஞர்களைக் கேட்டால் இன்றும் கண் மின்னச் சொல்வார்கள். ஆனால் அது பெட்ரோலோடு ஆயிலையும் எரிக்கும் இன்ஜின். புகை வரும். நல்ல உதிரிப் பாகம் கிடைப்பது கஷ்டம். வழியில் நின்றால் அம்மாவும் சேர்ந்து தள்ள வேண்டியதுதான்.

அடுத்து பிரேக். மழையில் பிரேக்கைப் பலமாகப் பிடித்தால் சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். ஆனால் வண்டி நிற்காது. வழுக்கிக்கொண்டு போகும். ஏ.பி.எஸ். என்ற கருவி இதைத் தடுக்கிறது. சக்கரம் நிற்கப் போவதை அது உணர்கிறது. உடனே பிரேக்கைச் சற்றுத் தளர்த்துகிறது. மீண்டும் பிடிக்கிறது. ஒரு நொடியில் பல தடவை இப்படிச் செய்யும். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் இது கட்டாயம். கேரளத்தில் ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை. ஆகவே பழைய வண்டி வாங்கினாலும் 2019-க்குப் பின் வந்ததாகப் பார்ப்பது நல்லது.

மகன் கையில் இருந்த பணத்துக்குப் பழைய வண்டிதான் கிடைக்கும். மார்த்தாண்டத்தில் ஒன்று மலிவாக வந்தது. எண் டி.என்.75 என்று தொடங்கியது. மகன் துள்ளினான்.

“பொறு. அது தமிழ்நாட்டு வண்டி” என்றார் சேட்டன். வெளி மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் கேரளப் பதிவு எண் வாங்க வேண்டும். அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி வர வேண்டும். இங்கே வரி கட்ட வேண்டும். அம்மா எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக் கூட்டிப் பார்த்தார். மலிவு போன இடம் தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் கே.எல்.01 எண்ணில் ஓர் எஃப்.இசட் கிடைத்தது. திருவனந்தபுரம் வண்டி. 2021-ல் பதிவானது.

சேட்டன் போனதும் இன்ஜினைத் தொட்டுப் பார்த்தார். குளிர்ந்திருந்தது. சூடாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டியை முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருப்பார்கள். இது உடனே ஸ்டார்ட் ஆனது. நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது என்று பொருள். அப்படி வரவில்லை.

ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் வண்டியில் உள்ள எண்களோடு ஒப்பிட்டார்கள். மகன் வாசித்தான். அம்மா விரல் வைத்துச் சரிபார்த்தார். ஓர் எழுத்துகூட மாறவில்லை. வண்டி மேல் கடன் இருந்தால் அதுவும் ஆர்.சி.யில் இருக்கும். இதில் இல்லை.

அம்மா டயர் பக்கம் குனிந்தார். “இங்கே 1021 என்று போட்டிருக்கிறதே, அது என்ன?”

“2021-ம் வருடத்தின் பத்தாவது வாரம். டயர் செய்த தேதி” என்றார் சேட்டன்.

“அப்படியானால் வண்டியோடு வந்த டயர். மாற்றவே இல்லை.”

ரப்பர் பழசானால் கெட்டிப்படும். மழையில் வழுக்கும். இரண்டு டயர் விலையைக் குறைத்துக்கொண்டுதான் அம்மா பணத்தை எண்ணிக் கொடுத்தார். பெயர் மாற்றும் படிவங்கள் 29, 30 இரண்டிலும் அங்கேயே கையெழுத்து வாங்கினார்கள். பெயர் மாறாவிட்டால் சிக்கல் இருவருக்கும்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு இருவரும் கிளம்பினார்கள். இரண்டு பேருக்கும் ஹெல்மெட். நெய்யாற்றின்கரையில் தேநீர் குடிக்க நிறுத்தினார்கள்.

“முதுகு வலிக்கிறதா அம்மா?”

“முதுகு நன்றாக இருக்கிறது. இந்த ஹெல்மெட்தான் நெற்றியை இறுக்குகிறது.”

வீடு திரும்பியதும் அம்மா டேப்பால் தன் தலையைச் சுற்றி அளந்தார். 58 சென்டிமீட்டர், அதாவது 580 மில்லிமீட்டர். ஹெல்மெட்டின் உள்ளே 560 என்று அச்சிட்டிருந்தது. மறுநாள் கடையில் கொடுத்து மாற்றி வந்தார்கள்.

செய்து பாருங்கள்:

உங்கள் வீட்டு வண்டியின் டயரில் உள்ள நான்கு இலக்க எண்ணைக் கண்டுபிடியுங்கள். அது எந்த ஆண்டு, எத்தனையாவது வாரம் என்று எழுதுங்கள்.

வீட்டில் ஒவ்வொருவரின் தலைச் சுற்றளவையும் அளந்து எழுதுங்கள்.