வழியைப் பேணுதல்

தமிழில் ‘ஆறு’ என்னும் சொல் நீர் ஓடும் ஆற்றை மட்டுமன்றி, மக்கள் நடக்கும் வழியையும், அவர்கள் ஒழுகவேண்டிய அறநெறியையும் குறிக்கும். பரிசு பெற்ற பாணன் வறிய பாணனுக்கு வள்ளல்பால் செல்லும் வழியைக் காட்டும் நூலுக்கு ஆற்றுப்படை என்னும் பெயர் வந்ததும் இதனாலேயே. சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடனது ஓய்மானாட்டுக்குரிய எயிற்பட்டினம் கூறப்படுகிறது. கடற்கரையூராகிய அதுவே இன்றைய மரக்காணம் என அறிஞர் கருதுவர். அம்மன்னனுக்குரிய கிடங்கில் இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியாக உள்ளது. ஆகவே, மரக்காணத்தையும் திண்டிவனத்தையும் இணைக்கும் வழி புலவர் பாடிய புகழுடையது எனலாம்.

விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த மரக்காணம் ஒரு பேரூராட்சி. கிழக்கே வங்கக்கடல், ஊரைச் சூழ உப்பளங்கள், அருகே கழுவெளி என்னும் பரந்த நீர்நிலை. மழைக்காலத்தில் கழுவெளியில் சேரும் வெள்ளம் இவ்வூரின் அருகிலுள்ள முகத்துவாரத்தின் வழியே கடலை அடைகிறது. இத்தகைய ஊரில் சாலைகளைக் காப்பது எளிய செயல் அன்று.

சாலைக்கு முதற்பகை எது? வண்டிகளின் சுமை என்று பலர் எண்ணுவர். அதனினும் கொடிய பகை தேங்கும் நீரே ஆகும். நீர் இருபுறமும் வழிந்தோடும்பொருட்டே சாலையின் நடுப்பகுதியைச் சற்று உயர்த்தி அமைக்கின்றனர். ஓரத்துக் கால்வாய் தூர்ந்துவிடின், நீர் தேங்கி, வெடிப்புகளின் வழியே உள்ளிறங்கி அடித்தளத்தை இளக்கும். பின்னர் வண்டிச்சக்கரம் அழுத்த, அங்கே பள்ளம் தோன்றும். உப்புக்காற்றோ பாலங்களின் உள்ளிருக்கும் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு பருத்துக் காரையைப் பிளக்கிறது. ஆதலின், கால்வாயைத் தூர்வாருவதும் சிறு வெடிப்பை உடனே அடைப்பதும் கடற்கரையூர்க்கு இன்றியமையாப் பணிகளாம். இவற்றை ஐப்பசி மழைக்கு முன்னரே முடித்தல் வேண்டும்.

இப்பணிகளைச் செய்வோர் யாவர்? நெடுஞ்சாலைகளை அவற்றிற்குரிய துறையினர் பேணுவர். ஊருக்குள் அமைந்த தெருக்கள், தெருவிளக்குகள், கழிவுநீர்க் கால்வாய்கள் ஆகியன பேரூராட்சியின் பொறுப்பாகும். வார்டுதோறும் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் மன்றத்திற் கூடித் தீர்மானிப்பர். செயல் அலுவலர் அவற்றை நிறைவேற்றுவார். சொத்துவரி, குடிநீர்க் கட்டணம், அரசு வழங்கும் மானியம் ஆகியவற்றால் செலவு நடைபெறும். 1992ஆம் ஆண்டில் நிறைவேறிய அரசியலமைப்பின் 74ஆம் திருத்தம் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு உறுதியான நிலையை அளித்தது.

எனினும், இம்முறை நம் நாட்டுக்குப் புதியதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. அங்கே ஏரியைப் பேணுதற்கெனவே அறுவர் கொண்ட ஏரி வாரியம் இருந்தது. முன்பு பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவரும், அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்துள் புகுதல் இயலாது. பொதுப்பொருளைக் காப்பவர்க்குத் தூய்மையே முதல் தகுதி என்று நம் முன்னோர் கருதினர் அன்றோ?

பேணாவிடின் விளையும் கேட்டுக்குச் சான்று மரக்காணத்திலேயே உண்டு. ஆந்திர நாட்டிலிருந்து சென்னை வழியாக வரும் பக்கிங்காம் கால்வாயின் தென்முனை இவ்வூரே. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் அதன் பகுதி 1877-78ஆம் ஆண்டுகளில், பெரும்பஞ்சத்தில் வாடிய மக்களின் உழைப்பால் வெட்டப்பட்டது. ஒருகாலத்தில் உப்பும் விறகும் ஏற்றிய தோணிகள் அக்கால்வாயில் சென்றன. 1965, 1966ஆம் ஆண்டுப் புயல்கள் அதனைச் சிதைத்தன. அதன்பின் தக்கவாறு பேணப்படாமையால் அது தூர்ந்து, பயன் குன்றிற்று. பசித்த மக்கள் வியர்வை சிந்தி வெட்டிய நீர்வழியை அழித்தது புயல் மட்டுமன்று, பிற்காலத்தாரின் புறக்கணிப்புமாகும்.

புயலை நம்மால் தடுத்தல் இயலாது. 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, பெருமழையால் மரக்காணத்து உப்பளங்கள் நீரில் மூழ்கின. அத்தகைய நாளில் நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதும், வீடிழந்தோர்க்கு உணவு சேர்ப்பதும் சாலை நிலைத்திருந்தால்தான் கைகூடும். நீர்வடியும் வழி அடைபடாதிருந்தால்தான் உப்பளத் தொழிலாளரும் விரைவில் மீண்டும் பாத்தி கட்ட இயலும்.

மாணவர்களே! புதிய சாலை திறக்கப்படும் நாளில் கூட்டம் கூடும். பழைய கால்வாயைத் தூர்வாருவோரை வாழ்த்துவார் இலர். ஆயினும், ஊர் வாழ்வது அவர்களால்தான். தெருக்கால்வாயில் குப்பையை எறியாதிருத்தல், வரியைக் காலத்திற் செலுத்துமாறு பெரியோர்க்கு நினைவூட்டுதல், பழுதைக் கண்டவுடன் அறிவித்தல் ஆகியவை நீவிரும் செய்யத்தக்க தொண்டுகளாம். நடக்கும் ஆற்றைப் பேணுதலும் அறத்தின் ஆறே என உணர்வீராக.