நம்ம பேச்சு யாரு மாதிரி இருக்கு?

கட்டுரை கொஞ்சம் நீளம். மூன்று சார்ட் தாளை ஒட்டி எழுதியிருக்கிறோம். இன்டர்வெல்லில் பாதி, சாப்பாட்டு நேரத்தில் பாதி என்று நின்று படித்துவிடுங்கள்.

போன மாதம் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. அன்றைக்குச் செய்தி வாசித்தது என் தோழி. (பெயர் போடாதே என்று சொல்லிவிட்டாள். இந்தத் தாளை அவள் படித்துப் பார்த்து, சரி என்ற பிறகுதான் ஒட்டியிருக்கிறோம்.) தலைப்புச் செய்தி, வானிலை, விளையாட்டு எல்லாவற்றையும் ஒரு தடங்கல் இல்லாமல் வாசித்தாள். கடைசியில் பேப்பரை மடித்துக்கொண்டே, "இத்துடன் செய்திகள் முடிஞ்சுதுங்க" என்று சொல்லிவிட்டாள். பின் வரிசையில் ஒருத்தன், "கோவை சரளா டோய்!" என்று கத்தினான். கிரவுண்டே சிரித்தது. நானும் சிரித்தேன், பொய் சொல்லக் கூடாது. அன்றோடு அவள் மைக் பக்கம் போவதை விட்டுவிட்டாள். வியாழக்கிழமை வந்தால் தொண்டை கட்டிக்கொண்டது என்கிறாள்.

எனக்கு இரண்டு நாள் மனசே சரியில்லை. தமிழய்யாவிடம் போய், "ஐயா, ஒரு சந்தேகமுங்க. நாம பேசுறது தப்புங்களா ஐயா?" என்று கேட்டேன். ஐயா சிரித்துவிட்டு, "இப்ப நீ கேட்டதுல எத்தனை 'ங்க' இருந்துச்சு பாப்பா? மொதல்ல அதை எண்ணு. ஒரு நோட்டுப் போட்டு, காதுல விழுறதை எல்லாம் எழுதிட்டு வா. அப்புறம் தப்பா ரைட்டான்னு பேசலாம்" என்றார். அந்த நோட்டிலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

யாருக்கு யார் குரல்?

முதலில் வகுப்பில் ஒரு விளையாட்டு வைத்தோம். ஊர்ப் பெயரைச் சொன்னதும் எந்தக் குரல் ஞாபகம் வருகிறதோ அதைச் சொல்ல வேண்டும். மதுரை என்றதும் எல்லோரும் ஒட்டுக்கா "வடிவேலு" என்றார்கள். மெட்ராஸ் பாஷைக்கு லூஸ் மோகன் என்று எங்கள் அப்பா சொன்னார் (அவர் 2012இல் மறைந்துவிட்டார்). திருநெல்வேலிக்கு நெல்லை சிவா (அவரும் 2021இல் மறைந்துவிட்டார்). கோயமுத்தூருக்குக் கேட்கவே வேண்டாம். கோவை சரளா, சத்யராஜ், மணிவண்ணன், கவுண்டமணி என்று சத்தம் காதைப் பிளந்தது.

"சரி, சேலம்?" என்று கேட்டேன். ஒருத்தரும் பேசவில்லை. "நாமக்கல்?" அதற்கும் அப்படியேதான். நம்ம ஊர்ப் பேச்சுக்கு என்று பேர் சொல்ல ஒரு குரல் இல்லை. அதனால்தான் வெளியூர்க்காரர்கள் நம்மையும் கோயமுத்தூரோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள்.

சினிமாவில் வருகிற கொங்குப் பேச்சாவது அந்த ஊர்ப் பேச்சு அப்படியே இருக்கிறதா என்றால், அதுவும் முழுசாக இல்லை. 1995இல் வந்த 'சதிலீலாவதி' படத்தில் கமல்ஹாசன் கோவைத் தமிழ் பேசி நடித்தார். அவர் பிறந்தது பரமக்குடி. அதே கமல்ஹாசன் 1990இல் 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் பாலக்காட்டுத் தமிழ் பேசினார், 2000இல் 'தெனாலி'யில் இலங்கைத் தமிழ் பேசினார், 2004இல் 'விருமாண்டி'யில் மதுரைப் பக்கத்துத் தமிழ் பேசினார். கேட்டுப் பழகினால் யாரும் எந்த ஊர்ப் பேச்சையும் பேசலாம் என்பதற்கு இது போதும். ஆனால் நடிக்கும்போது ஒரு ஊர்ப் பேச்சில் எது எடுப்பாகக் கேட்கிறதோ அதை மட்டும் பொறுக்கி, கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் சத்தம் கூட்டிப் பேசுகிறார்கள். இதில் இன்னொன்றும் இருக்கிறது. படத்தில் 'ஏனுங்க' என்று பேசுகிறவர் பெரும்பாலும் சிரிக்க வைக்க வருகிறவர்தான். நீதிபதி தீர்ப்புச் சொல்லும்போதும் டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கெட்ட சேதி சொல்லும்போதும் அந்த 'ங்க' எங்கேயோ போய்விடும். பார்த்துப் பார்த்து, அந்தச் சத்தம் கேட்டாலே சிரிக்க வேண்டும் என்று நம் காது பழகிவிட்டது. என் தோழி சொன்னதில் சிரிக்க ஒன்றுமே இல்லை. நம் காதுக்குள்தான் படம் ஓடிக்கொண்டிருந்தது.

இதில் வேடிக்கை, சினிமாவுக்கும் சேலத்துக்கும் உள்ள சொந்தம் சின்னச் சொந்தம் இல்லை. ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்த்திருப்பீர்கள். 1930களில் அதைத் தொடங்கிய டி. ஆர். சுந்தரம் திருச்செங்கோட்டுக்காரர். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே இருந்து வெளிவந்தன. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' (1938) சேலத்தில் எடுத்ததுதான். தமிழின் முதல் முழு வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) படமும் அப்படித்தான். கருணாநிதி வசனம் எழுதிய 'மந்திரி குமாரி'யை (1950) மனப்பாடமாகச் சொன்ன ஆட்கள் அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் இருந்தார்களாம். ஆனால் அந்த வசனத்தில் இருந்தது மேடைத் தமிழ். ஸ்டுடியோ வாசலில் டீ விற்றவர் பேசிய தமிழ் உள்ளே போகவில்லை. இத்தனை படம் எடுத்த ஊருக்குச் சொந்தக் குரல் இல்லாமல் போனது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

அந்த 'ங்க' யாருக்கு?

இனி இலக்கணம். தூங்க வேண்டாம், இதுதான் முக்கியமான இடம்.

"வாங்க, உக்காருங்க" என்று தமிழ்நாடு முழுக்கச் சொல்கிறார்கள். அங்கே வருகிறவரும் மரியாதை வாங்குகிறவரும் ஒரே ஆள். நம் பக்கத்தில், "நான் வந்தேனுங்க" என்கிறோம். 'வந்தேன்' தன்மை ஒருமை வினைமுற்று. 'ஏன்' விகுதி என்னைக் காட்டுகிறது. அதற்குமேல் 'ங்க' எதற்கு? எனக்கு நானே மரியாதை கொடுத்துக்கொள்கிறேனா? இல்லை. அது எதிரில் நின்று கேட்கிறவருக்கு. "மழை பெய்யுதுங்க" என்றால் மழைக்கு மரியாதை இல்லை, கேட்கிறவருக்கு மரியாதை. "நம்மூரு எதுங்க?" "ராசிபுரமுங்க." இங்கே வினைச்சொல்லே இல்லை, பெயர்ச்சொல்லிலேயே ஒட்டிக்கொண்டது. அதாவது வாக்கியம் யாரைப் பற்றி இருந்தாலும், எதைப் பற்றி இருந்தாலும், கேட்கிற ஆளுக்கு ஒரு கும்பிடு உண்டு. மற்ற ஊர்களிலும் 'சரிங்க', 'இல்லீங்க' இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நம் பக்கத்துத் தாராளம் அங்கே இல்லை.

இப்போது அந்த வரியைத் திரும்பப் பாருங்கள். "செய்திகள் முடிஞ்சுதுங்க." அந்த 'ங்க' கிரவுண்டில் நின்ற நம் எல்லோருக்கும் அவள் கொடுத்த மரியாதை. நாம் அதற்குச் சிரித்தோம். (உண்மையில் அந்த வரியில் ஒரு தப்பு இருந்தது. 'செய்திகள்' பன்மை, எனவே 'முடிந்தன' என்று வந்திருக்க வேண்டும். அதை ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை!)

நமக்குள்ளேயே இது ஒரே மாதிரி இல்லை. என் நோட்டில் 'சாப்பிட்டாச்சா?' என்ற ஒரே கேள்விக்கு வந்த பதில்கள் இருக்கின்றன. திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து வருகிற தோழி, "ஆச்சுங்" என்று பாதியில் வெட்டிவிட்டாள். ராசிபுரத்துக்காரி, "ஆச்சுங்க" என்று முழுசாகச் சொன்னாள். ஆத்தூர் பக்கத்து அண்ணன், "சாப்ட்டன்" என்றதோடு முடித்துக்கொண்டார். கொங்கு மண்டல சதகம் கொங்கு நாட்டுக்கு எல்லை சொல்லும்போது வடக்கே பெரும்பாலை, கிழக்கே குளித்தலை என்று சொல்கிறது. அப்படிப் பார்த்தால் நாமக்கல் உள்ளே வந்துவிடுகிறது. சேலத்தைத் தாண்டிக் கிழக்கே போகப் போக 'ங்க' கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதைப் பஸ்ஸில் உட்கார்ந்தே கேட்கலாம். சேலம் டவுனுக்குள் நெசவாளர் தெருக்களில் வீட்டுக்குள் கன்னடம், தெலுங்கு, சௌராஷ்டிரம் பேசிவிட்டு வாசலுக்கு வந்து தமிழ் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். அதைத் தனி நோட்டாகத்தான் போட வேண்டும்.

எங்கள் அப்பா லாரி ஓட்டுகிறார். ஒருமுறை விஜயவாடா தாண்டி ராத்திரி நேரத்தில் டயர் வெடித்துவிட்டதாம். மொழி தெரியாமல் நின்றவர், பக்கத்து டாபாவில் ஒருவர் போனில், "வந்துட்டே இருக்கறனுங்க" என்று சொன்னதைக் கேட்டிருக்கிறார். "அண்ணா, நீங்க நாமக்கல்லுங்களா?" என்று கேட்டதும், அவர் கையிலிருந்த ரொட்டியைப் போட்டுவிட்டு ஜாக்கியை எடுத்துக்கொண்டு வந்தாராம். "வண்டி நம்பரைக்கூட அப்புறந்தான் பார்த்தேன், மொதல்ல பேச்சுத்தான் கேட்டுச்சு" என்று அப்பா இன்னும் சொல்வார்.

ஆயா கொடுத்த சொற்கள்

எங்கள் ஆயாவிடம் உட்கார்ந்து ஒரே சாயங்காலத்தில் நாற்பது சொல் எழுதினேன். எல்லாவற்றுக்கும் இடம் இல்லை. திருவிழா ஆயாவுக்கு 'நோம்பி'. கவலை 'வெசனம்'. விருந்தாளி 'ஒறம்பரை'. பேச்சு 'நாயம்', "அங்க என்ன நாயம் பேசிட்டிருக்கறீங்க?" என்று கேட்கும். சாப்பிடுகிற தட்டு 'வட்டல்'. அதிகம் என்பதற்கு 'எச்சு'. கன்னடத்திலும் அதிகம் என்பதற்கு 'ஹெச்சு' என்கிறார்கள் என்று என் கன்னடத் தோழி சொன்னபோது எனக்குப் புல்லரித்தது. வீட்டுக்குப் பின்னால் குளிக்கிற இடம் 'பொடக்காலி'. இரண்டு பக்கமும் வேலி இருக்கிற வண்டிப் பாதை 'இட்டேரி'. இந்தக் கடைசி இரண்டும் என் தம்பிக்குத் தெரியவில்லை. அவன்மேல் குற்றம் இல்லை. வீட்டில் பாத்ரூம் கட்டியாச்சு, இட்டேரி தார் ரோடு ஆகிவிட்டது. பொருள் போனதும் சொல்லும் பின்னாலேயே போய்விடுகிறது.

இதையெல்லாம் 'கொச்சை' என்று சொல்லித் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். தொல்காப்பியம் அப்படித் தள்ளவில்லை. செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரண்டு நிலங்களில் வழங்கும் சொற்களுக்குத் 'திசைச்சொல்' என்று பேர் வைத்து, நான்கு வகைச் சொற்களில் ஒன்றாக உட்கார வைத்திருக்கிறது. ஆர். சண்முகசுந்தரம் 1942இலேயே 'நாகம்மாள்' நாவலில் கொங்குப் பேச்சை எழுதிவிட்டார். கி. ராஜநாராயணன் கரிசல் காட்டுச் சொற்களுக்கு 1982இல் அகராதி போட்டார். நம் திருச்செங்கோட்டுப் பக்கத்து எழுத்தாளர் பெருமாள்முருகன் 2000இல் 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' கொண்டுவந்தார். தமிழய்யா வைத்திருக்கும் பிரதியில் ஆயா சொன்ன சொற்களைத் தேடித் தேடிப் பார்த்தோம். ஒவ்வொன்றாக அகப்படும்போது, காணாமல் போன கம்மல் கிடைத்த மாதிரி இருந்தது.

செய்தி வாசிக்கலாமா?

பேசலாம், எழுதலாம், ஆனால் செய்தி வாசிக்கலாமா என்று எதிர்க்கட்சிக்காரர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இதே கேள்வி இங்கிலாந்திலும் வந்திருக்கிறது. பி.பி.சி. வானொலியில் லண்டன் பக்கத்துப் படித்தவர்களின் உச்சரிப்பில்தான் செய்தி வாசிப்பார்கள். 1941இல், இரண்டாம் உலகப் போர் நேரத்தில், வில்ஃப்ரெட் பிக்கிள்ஸ் என்ற யார்க்ஷயர்க்காரரைச் செய்தி வாசிக்க வைத்தார்கள். ஜெர்மனிக்காரர்கள் வழக்கமான அறிவிப்பாளர் மாதிரி பேசி மக்களை ஏமாற்றிவிடக் கூடாது, இந்தப் பேச்சை அவர்களால் காப்பியடிக்க முடியாது என்பதும் ஒரு காரணம். அவர் செய்தி முடிவில், 'குட் நைட்' என்பதைத் தன் ஊர் வழக்கப்படி 'குட் நீட்' என்று சொன்னார். நேயர்களிடமிருந்து புகார் குவிந்தது. இதைப் படித்ததும் ஓடிப்போய் என் தோழியிடம் காட்டினேன். "அவரும் கடைசி வரியிலதான் மாட்டிக்கிட்டாரா!" என்றாள். ஒரு மாதத்தில் அன்றைக்குத்தான் அவள் அதைப் பற்றிச் சிரித்துப் பேசினாள்.

'சரியான' ஆங்கிலத்துக்கு உதாரணமாகச் சொல்லப்பட்ட எலிசபெத் மகாராணியின் பேச்சும் ஒரே மாதிரி நிற்கவில்லை. அவருடைய கிறிஸ்துமஸ் உரைகளில் 1950களின் ஒலிப்பதிவையும் 1980களின் ஒலிப்பதிவையும் ஆராய்ச்சியாளர்கள் ஒப்பிட்டு 2000இல் வெளியிட்டார்கள். மகாராணியின் உயிரெழுத்து ஒலிகள், சாதாரண மக்கள் பேசுகிற பக்கமாக நகர்ந்திருந்தன. அரண்மனைக்குள்ளேயே அந்தக் கதி என்றால் நாம் எம்மாத்திரம்?

ஒன்று மட்டும் என் கட்சிக்கு எதிராகச் சொல்லிவிடுகிறேன். 'ழ' சரியாக வராததை, "எங்க ஊரு வழக்குங்க" என்று சொல்லி மைக் முன்னால் தப்பிக்கக் கூடாது. தெற்கே 'வாளப்பளம்' என்பதும் வடக்கே 'வாயப்பயம்' என்பதும் பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் போன வருசம் ஒருவர் (நான்தான்) "ஏற்காட்டில் நேற்று நல்ல மலை" என்று வாசித்ததில், கேட்டவர்களுக்குக் குடை எடுப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. 'ங்க' போட்டால் யாருக்கும் பொருள் மாறவில்லை. மழை மலையானால் மாறிவிடுகிறது. என் அளவுகோல் அவ்வளவுதான். தமிழய்யாவும் ஒத்துக்கொண்டார். அறிவியல் அம்மா மட்டும், "செய்தியில ரெண்டும் வேண்டாம்மா" என்கிறார். அவர் கருத்துக்கும் இடம் விட்டிருக்கிறோம், வலது ஓரத்தில் பாருங்கள்.

அன்றைக்குக் கத்தினவன் யார் என்று எழுதப் போவதில்லை. அவன் ஆயாவும் எங்கள் ஆயா மாதிரியேதான் பேசும். சந்தையில் கேட்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டு ஆயா, அப்பாரு, அப்புச்சி, அம்மாயி சொல்கிற சொற்களைத் துண்டுத் தாளில் எழுதி, ஊர்ப் பெயரோடு, நூலக வாசலில் இருக்கிற அட்டைப் பெட்டியில் போடுங்கள். கெட்ட வார்த்தை வேண்டாம், போன முறை பட்ட பாடு போதும்.

வருகிற வியாழக்கிழமை செய்தி வாசிக்க என் தோழி சம்மதித்திருக்கிறாள். கடைசி வரியைத்தான் இன்னும் முடிவு செய்யவில்லை. "'முடிந்தன'ன்னு முடிக்கட்டுமா, 'முடிந்தனங்க'ன்னு முடிக்கட்டுமா?" என்று நேற்று பஸ் ஏறும் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தாள்.

பதினோராம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி